மேலே மண்டபம், கீழே மனிதர்

ரொறன்ரோ யூனியன் நிலையத்தின் கட்டட வேலை 1914இல் தொடங்கியது. 1920இல் கட்டடம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஆனால் அதன் பிறகும் 7 வருடங்கள் அங்கே ஒரு பயணிகூட ரயிலேறவில்லை. தண்டவாளங்களை வீதிகளுக்கு மேலாக உயர்த்துவது எப்படி, அந்தச் செலவை யார் ஏற்பது என்று நகரசபையும் ரயில் கம்பனிகளும் இழுபறிப்பட்டுக்கொண்டிருந்தன. ஒருவழியாக 1927 ஓகஸ்ட் 6ஆம் திகதி வேல்ஸ் இளவரசர் எட்வேர்ட் வந்து நிலையத்தைத் திறந்துவைத்தார். முதற் பயணச்சீட்டும் அவருக்குத்தான். அல்பேர்ட்டாவுக்கான சீட்டு அது. ரயில்கள் சில நாள் கழித்து வந்தன. உயர்த்திய பாதை முழுதாக முடிய 1930 ஆயிற்று.

வேலை இழுபடுவது இந்த நிலையத்துக்குப் புதிதல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். இன்னொரு காரணமும் உண்டு. யூனியன் என்ற பெயரில் இந்த நகரத்தில் எழுந்த மூன்றாவது நிலையம் இது. முதலாவது 1858இலும் இரண்டாவது 1873இலும் வந்தவை. 1904ஆம் ஆண்டுப் பெருந்தீயில் நகர மையத்தின் ஒரு பகுதி சாம்பலானபோது கிடைத்த வெறுங்காணியில்தான் மூன்றாவது எழுந்தது. புதியது திறந்ததும் இரண்டாவதை இடித்தார்கள். பழையதை இடித்துப் புதியதைக் கட்டுவது அன்றைய ரயில் கம்பனிகளுக்கு வழமையான காரியம். இன்று நாம் பாரம்பரியம் என்று போற்றும் கட்டடமும் தன் காலத்தில் ஒரு நவீனமயமாக்கல்தான்.

மொன்றியலின் ரொஸ் அன்ட் மக்டொனால்ட் நிறுவனத்தாரும், சி.பி. கம்பனியின் ஹியூ ஜோன்ஸும், ரொறன்ரோவின் ஜோன் லைலும் சேர்ந்து வரைந்த கட்டடம் இது. அதன் நடுவில் உள்ள பெரு மண்டபம் 250 அடி நீளம், 88 அடி உயரம். தலைக்கு மேலே வளைந்து நிற்கும் கூரை குவாஸ்ரவினோ முறையில் அமைந்தது. மெல்லிய சுட்ட ஓடுகளை அடுக்கடுக்காகச் சாந்தில் ஒட்டி, வளைவாகவே நிற்கச் செய்வது அந்த முறை. அதை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தவர் ஸ்பெயினிலிருந்து குடிபெயர்ந்த ஒரு கட்டடக் கலைஞர். கனடாவின் மிகப் பெரிய ரயில் மண்டபத்துக்கும் குடியேறி ஒருவரின் கைவேலை தேவைப்பட்டிருக்கிறது.

மண்டபத்தின் மேற்சுவரில் ஊர்ப்பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. சி.பி. ரயிலும் கிராண்ட் ட்ரங்க் ரயிலும் போய்ச்சேர்ந்த கனடிய நகரங்கள் அவை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கிராண்ட் ட்ரங்க் கம்பனி 1923இலேயே சி.என். என்ற அரச கம்பனிக்குள் கரைந்துவிட்டது. நிலையம் திறந்த நாளிலேயே அந்தச் சுவர் பாதி பழையதாகியிருந்தது. அங்கே கல்கரியின் பெயரும் உண்டு. ஆனால் 1990இல் வந்த சேவைக் குறைப்புக்குப் பிறகு, ரொறன்ரோவிலிருந்து கல்கரிக்கு நேரடிப் பயணிகள் ரயில் இல்லை. சுவரில் ஊர் இருக்கிறது, போக ரயில் இல்லை. நாடுவிட்டு வந்தவர்களுக்கு அந்த உணர்வை விளக்கத் தேவையில்லை.

இந்த மண்டபம் இன்று நிற்பதே தற்செயல் போன்றது. 1968இல் சி.என்., சி.பி. இரண்டும் சேர்ந்து மெற்றோ சென்ரர் என்ற பெருந்திட்டத்தை அறிவித்தன. ரயில் நிலங்களில் ஏறத்தாழ 200 ஏக்கரில் அலுவலகங்கள், குடியிருப்புகள், வானளாவிய தொலைத்தொடர்புக் கோபுரம் எல்லாம் எழும். அதற்காக யூனியன் நிலையத்தை இடிக்க வேண்டும். அதற்குச் சில வருடங்களின் முன்தான், 1963இல், நியூயோர்க்கின் பென் நிலையத்தை இடிக்கத் தொடங்கியிருந்தார்கள். அந்த இழப்பு பலரை விழிக்கச் செய்தது. ரொறன்ரோவில் கட்டடக் கலைஞர்களும் எழுத்தாளர்களும் குடிமக்கள் குழுக்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். 1972இல் இந்த நிலையத்துக்காக ஒரு புத்தகமே வந்தது. அந்த ஆண்டு இறுதியில் டேவிட் குறொம்பி மேயராகத் தெரிவானபோது நகரசபையின் மனப்போக்கும் மாறியது. 1975 அளவில் திட்டம் செத்துவிட்டது. அதில் கட்டி முடிந்தது சி.என். கோபுரம் மட்டுமே. அதே 1975இல் நிலையம் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது.

ஆனால் அந்த அறிவிப்பு ஒரு மரியாதைதான், காவல் அல்ல. அது 1982இல் வெளிச்சமானது. இதே நகரத்தின் மேற்கே இருந்த வெஸ்ற் ரொறன்ரோ நிலையத்தை சி.பி. கம்பனி முன்னறிவித்தலின்றி இடித்துத் தள்ளியது. ரயில் கம்பனிகள் மத்திய அரசின் அதிகாரத்துக்குட்பட்டவை என்பதால் மாகாணத்தின் பாரம்பரியச் சட்டம் அவற்றைக் கட்டுப்படுத்தவில்லை. அந்த ஆத்திரத்திலிருந்துதான் பாரம்பரிய ரயில் நிலையங்களைக் காக்கும் மத்திய சட்டம் பிறந்தது. ஒரு நிலையம் செத்துத்தான் மற்றவற்றுக்குச் சட்டம் கிடைத்தது.

2000ஆம் ஆண்டில் நகரம் யூனியன் நிலையத்தை விலைக்கு வாங்கியது. அப்போது சிக்கல் வேறு வடிவம் எடுத்தது. இடிக்க யாரும் இல்லை, ஆனால் இடமும் இல்லை. 1967இல் தொடங்கிய கோ ரயில், புறநகரங்களிலிருந்து ஒவ்வொரு காலையும் பெருங்கூட்டத்தைக் கொண்டுவந்து இறக்கியது. ஸ்காபரோவிலிருந்து வேலைக்கு வந்த அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன், என்னைப் போல் இன்னும் பல தமிழர்கள். நீண்டதூரப் பயணிகளுக்கென்று வரைந்த நடைபாதைகளுக்குள் நாளொன்றுக்கு 2 இலட்சத்துக்கு மேற்பட்டோர் நுழைந்து வெளியேற வேண்டியிருந்தது.

அதற்குக் கண்ட தீர்வு துணிச்சலானது. மண்டபத்தைத் தொடாமல் கீழே தோண்டினார்கள். 2010இல் தொடங்கிய வேலையில், தலைக்கு மேலே ரயில்கள் ஓடிக்கொண்டிருக்க, பழைய தூண்களின் பாரத்தைத் தாங்கிப்பிடித்து, அடித்தளத்தைத் தாழ்த்தி, கடைகளுக்கென ஒரு புதிய தளத்தையே உருவாக்கினார்கள். தண்டவாளக் கொட்டகையின் நடுப்பகுதியை எடுத்துக் கண்ணாடிக் கூரை போட்டார்கள். 2015இல் யோர்க் பக்க நடைக்கூடம் திறந்தது, பே பக்கம் மூடப்பட்டது. மூடிய பக்கம் மீளத் திறக்க 2021 ஆயிற்று. 640 மில்லியன் டொலர் என்று மதிப்பிட்ட வேலை 800 மில்லியனைத் தாண்டியது. பத்திரிகைகள் திட்டின, சபையில் கேள்விகள் எழுந்தன. ஆனாலும் இடிக்காமல், மூடாமல், ஓடும் நிலையத்தை விரிவாக்குவதற்கு வேறு நல்ல வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

என் கவலை செலவைப் பற்றியதல்ல. தோண்டியதன் மறுபக்கத்தைப் பற்றியது. கீழே இடம் தாராளமாகியதும் மேலே போகவேண்டிய தேவை குறைந்துவிட்டது. சுரங்க ரயிலிலிருந்து கோ ரயிலுக்குக் கீழேயே போய்விடலாம். கோப்பி, சாப்பாடு எல்லாம் கீழே. பெரு மண்டபம் வீயா ரயிலுக்குக் காத்திருப்போருக்கும் படம் பிடிப்போருக்கும் விடப்பட்டிருக்கிறது. என்னோடு வேலை செய்த ஒரு தம்பி, இங்கேயே பிறந்தவர், பல வருடங்களாக யூனியனுக்கு வந்துபோனவர், அந்தக் கூரையை ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை என்றார். சுவர்கள் தப்பிவிட்டன. சுவர்களுக்குள் நடந்த வாழ்க்கைதான் ஒரு தளம் கீழே இறங்கிவிட்டது.

இந்த இதழின் வாசகர் பலருக்குப் புகையிரத நிலையம் என்றதும் மனதில் வருவது யாழ்ப்பாணமாகவே இருக்கும். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990 யூனில் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. நிலையம் ரவை துளைத்த சுவர்களாய் நின்றது. இந்தியக் கடனுதவியில் பாதை மீண்டு, 2014 ஒக்டோபர் 13இல் ரயில் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. நிலையமும் புதுப்பொலிவு பெற்றது. நான் போய் இறங்கியபோது அந்த 24 வருடங்களைச் சொல்லும் தழும்பெதையும் புதிய சுவரில் காணவில்லை. மேடை நிறையச் சனம் இருந்தது. ரொறன்ரோவில் கல் தப்பியது, ஆட்கள் விலகினார்கள். யாழ்ப்பாணத்தில் ஆட்கள் திரும்பினார்கள், கல்லின் ஞாபகம் போயிற்று. இரண்டில் ஒன்றைத் தெரியச் சொன்னால் நான் ஆட்கள் உள்ள மேடையைத்தான் தெரிவேன். ஆனால் ஒன்றைத்தான் தெரியவேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

ஐரோப்பியக் குடியேறிகள் ஹலிஃபாக்ஸ் துறைமுகத்தில் இறங்கி, ரயிலேறி, இந்த மண்டபத்தின் வழியாக ரொறன்ரோவுக்குள் நுழைந்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது தாத்தா வந்திறங்கிய இடம். நாங்கள் பெரும்பாலும் பியர்சன் விமான நிலையத்தால் வந்தோம். அதனால் இது எங்கள் பாரம்பரியமா என்று சிலர் கேட்கக்கூடும். 2009 ஜனவரியில் வன்னி எரிந்துகொண்டிருந்தபோது இந்த நிலையத்தை அண்டிய வீதிகளில்தான் நாங்கள் கைகோத்துச் சங்கிலியாய் நின்றோம். எங்கள் பலரின் முதல் வேலைக்கான வழியும் இதனூடாகத்தான் போனது. 2015 முதல் பியர்சனிலிருந்து நேராக இங்கே ரயிலும் வருகிறது. உரிமை கோர இவ்வளவு போதும்.

எனவே ஒன்று சொல்வேன். அடுத்த முறை யூனியனில் இறங்கும்போது, 10 நிமிடம் கையில் இருந்தால், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மேலே ஏறுங்கள். சுவரிலுள்ள ஊர்களை வாசித்து, எதற்கு இன்னும் ரயில் போகிறது என்று தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். மண்டபத்தை அடைத்து வைப்பதற்காக 1970களில் யாரும் போராடவில்லை. ஆட்கள் நடந்து திரிவதற்காகத்தான் போராடினார்கள்.