137 கிகாபைட்டு வன்தட்டு வரம்பு

137 கிகாபைட்டு வரம்பு என்பது, பழைய இயங்குதளங்களும் பயாஸ்களும் ஒரு வன்தட்டின் முதல் 137 கிகாபைட்டுகளை மட்டுமே முறையாக அணுக இயலும் என்ற கட்டுப்பாடு ஆகும். ஏடிஏ (ஐடிஇ) இடைமுகத்தில் முகவரிக்கென 28 பிட்டுகள் மட்டுமே ஒதுக்கப்பட்டிருந்தமை இதற்குக் காரணம். இவ்வரம்பை அறியாது பெரிய வன்தட்டைப் பழைய கணினியில் பயன்படுத்தினால், சேமித்த தரவுகள் அழிந்துபோகக்கூடும்.

காரணம்

வன்தட்டில் தரவுகள் செக்டர் எனப்படும் 512 பைட்டுத் துண்டுகளாகச் சேமிக்கப்படுகின்றன. ஒவ்வொரு செக்டருக்கும் 0 முதல் தொடங்கும் ஓர் எண் முகவரியாக அமையும். 28 பிட்டுகளைக் கொண்டு 26,84,35,456 செக்டர்களை மட்டுமே சுட்ட இயலும். இதனை 512 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 13,744 கோடி பைட்டுகள் கிடைக்கும். 100 கோடி பைட்டுகளை ஒரு கிகாபைட்டாகக் கொள்ளும் வன்தட்டு உற்பத்தியாளர்கள் இதனை 137 கிகாபைட்டு என்பர். 1024-இன் மடங்குகளில் கணக்கிடும் விண்டோஸ் இதையே 128 கிகாபைட்டு எனக் காட்டும்.

தரவு இழப்பு

வன்தட்டின் அளவு குறைவாகத் தெரிவதால் மட்டும் தீங்கு ஏதும் இல்லை. வரம்பைத் தாண்டிச் செல்லும் வட்டுப் பிரிவினை ஒன்றில் பழைய இயக்கி மென்பொருள் எழுதும்போதே சிக்கல் எழுகிறது. முகவரியின் மேல் பிட்டுகள் துண்டிக்கப்படுவதால், எஞ்சிய எண் வட்டின் தொடக்கப் பகுதியைச் சுட்டுகிறது. எடுத்துக்காட்டாக, 26,84,35,456 என்ற முகவரியின் கீழ் 28 பிட்டுகளும் சுழியங்களே. எனவே அங்கு எழுதவேண்டிய தரவு, பிரிவினை அட்டவணை அமைந்துள்ள 0 ஆம் செக்டரில் எழுதப்படும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாமல் போகலாம். வட்டு நிரம்பி வரம்பை எட்டும் வரை கணினி சரியாகவே இயங்குவதால், பல மாதங்கள் கழித்தே சேதம் தெரியவரலாம்.

முந்தைய வரம்புகள்

இதற்கு முன்னரும் 528 மெகாபைட்டு, 8.4 கிகாபைட்டு, 33.8 கிகாபைட்டு ஆகிய வரம்புகள் இருந்தன. இவை பெரும்பாலும் பயாஸ் தொடர்பானவை.

48 பிட்டு முகவரி

2002 இல் வெளியான ஏடிஏ-6 சீர்தரம் 48 பிட்டு முகவரியை வரையறுத்தது. இதன்படி 144 பெட்டாபைட்டு வரை அணுக இயலும். ஆயினும் வன்தட்டுடன் பயாஸ், இயங்குதளம் ஆகியவையும் இதனை ஆதரித்தல் வேண்டும்.

இயங்குதளங்களின் நிலை

• விண்டோஸ் 98, விண்டோஸ் எம்இ: இவற்றுடன் வரும் இயக்கி 48 பிட்டு முகவரியை ஆதரிப்பதில்லை. ஃபாட்32 கோப்பு முறைமை 137 கிகாபைட்டை விடப் பெரிய பிரிவினைகளையும் ஏற்கும் என்பதால், வேறு கோப்பு முறைமைக்கு மாறுவது தீர்வாகாது.
• விண்டோஸ் 2000: மூன்றாம் சேவைத் தொகுப்பை நிறுவி, விண்டோஸ் பதிவகத்தில் உரிய மதிப்பையும் மாற்றுதல் வேண்டும்.
• விண்டோஸ் எக்ஸ்பி: 2001 இல் வெளியான முதற்பதிப்பில் இவ்வசதி இயக்கப்பட்டிருக்கவில்லை. 2002 இல் வந்த முதலாம் சேவைத் தொகுப்பு முதல் உண்டு.
• லினக்ஸ்: 2.4 வரிசைக் கருனியின் பிற்காலப் பதிப்புகள் முதல் உண்டு.

தீர்வுகள்

• பிரிவினைகள் அனைத்தையும் முதல் 137 கிகாபைட்டுக்குள் அமைத்து, எஞ்சிய இடத்தைப் பயன்படுத்தாது விடுதல். இது எளியதும் பாதுகாப்பானதும் ஆகும்.
• சேவைத் தொகுப்பு இணைக்கப்பட்ட நிறுவல் வட்டைப் பயன்படுத்துதல். பழைய எக்ஸ்பி வட்டைக் கொண்டு மீள நிறுவுவோர் இதில் கவனம் கொள்ளவேண்டும்.
• தனக்கெனப் பயாஸும் இயக்கியும் கொண்ட பிசிஐ கட்டுப்பாட்டு அட்டையைப் பொருத்துதல்.
• யூஎஸ்பி உறையில் வன்தட்டை இணைத்தல். யூஎஸ்பி வேறு கட்டளைமுறையைப் பயன்படுத்துவதால் கணினியின் 28 பிட்டு வரம்பு இங்கு பொருந்தாது. எனினும் உறையில் உள்ள சில்லு 48 பிட்டு முகவரியை ஆதரிக்க வேண்டும்.

எவ்வழியாயினும், மாற்றம் செய்யுமுன் தரவுகளை வேறொரு வட்டில் படியெடுத்து வைத்தல் இன்றியமையாதது.

அடுத்த வரம்பு

எம்பிஆர் பிரிவினை அட்டவணை செக்டர் எண்களை 32 பிட்டுகளில் பதிவதால், 512 பைட்டுச் செக்டர்களைக் கொண்ட வட்டுகளில் 2.2 டெராபைட்டு வரையே பயன்படுத்த இயலும். இதற்கு மாற்றான ஜிபிடி அட்டவணையை 32 பிட்டு விண்டோஸ் எக்ஸ்பி ஆதரிப்பதில்லை.

இவற்றையும் பார்க்க

• வன்தட்டு
• பயாஸ்
• கோப்பு முறைமை