அப்பத்தா சிரிக்காத இடம்: எடிட்டிங்கின் முதல் பாடம்

"வீடியோ எடிட்டிங் கத்துக்கணும், எந்த ஆப்ல ஆரம்பிக்கறது?"ன்னு நிறைய பேர் கேக்கறீங்க. ஆப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி, நான் பண்ணின ஒரு தப்பைச் சொல்லிடறேன். அங்கிருந்து நூறு வருஷம் பின்னாடி போகலாம்.

மதுரைக்குப் போயிருந்தப்போ அப்பத்தாவை உட்காரவெச்சு போன்ல ஒரு பேட்டி எடுத்தேன். 40 நிமிஷம். "எட்டாவதோட படிப்பை நிறுத்திட்டாங்களே, வருத்தமா இல்லையா அப்பத்தா?"ன்னு கேட்டேன். அவங்க உடனே பதில் சொல்லலை. 11 நொடி ஜன்னலையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம், "என்னத்தச் சொல்ல"ன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.

சென்னைக்கு வந்து எடிட் பண்ண உட்கார்ந்தா, அந்த 11 நொடி ரொம்ப இழுவையாத் தெரிஞ்சுது. வெட்டிட்டேன். இருபது நிமிஷம் தள்ளி, குறுக்க ஓடின பூனையைப் பாத்து அவங்க சிரிச்ச ஷாட் ஒண்ணு இருந்துச்சு. அதை எடுத்து அந்த இடத்துல வெச்சேன். குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஒரே ஹார்ட் மழை. அப்பத்தா மட்டும் பாத்துட்டு ஒண்ணு சொன்னாங்க: "அந்த எடத்துல நான் சிரிக்கலையேய்யா."

அந்த ஒரு வரிக்குப் பின்னாடி எடிட்டிங்கோட வரலாறே இருக்கு.

1895 டிசம்பர் 28. பாரிஸில் ஒரு கஃபேயின் கீழ்த்தளத்தில் லூமியர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டினார்கள். மொத்தம் பத்துப் படங்கள், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம்கூட இல்லை. ஒரு படம் என்றால் ஒரே ஷாட். கேமராவை வைத்தார்கள், சுற்றினார்கள், சுருள் தீர்ந்ததும் படமும் முடிந்தது. எடிட்டிங் என்ற வேலையே அங்கே இல்லை.

ஒரு ஷாட்டுக்குப் பிறகு இன்னொரு ஷாட் என்று கதை சொல்ல ஆரம்பித்தபோதுதான் சிக்கல் வந்தது. 1903இல் அமெரிக்காவில் எட்வின் போர்ட்டரின் 'லைஃப் ஆஃப் ஆன் அமெரிக்கன் ஃபயர்மேன்' வெளியானது. கடைசியில் எரிகிற வீட்டிலிருந்து ஒரு பெண்ணையும் குழந்தையையும் காப்பாற்றுகிறார்கள். முதலில் முழுச் சம்பவத்தையும் அறைக்குள்ளிருந்து காட்டுகிறார். அது முடிந்ததும், அதே சம்பவத்தை ஆரம்பத்திலிருந்து தெருவில் நின்று மறுபடி காட்டுகிறார்! இன்றைக்கு நாம் பார்த்தால், "இப்பத்தானே காப்பாத்தினாங்க?" என்று குழம்புவோம்.

இதுல ஒரு சுவாரசியம் இருக்கு. பிற்காலத்தில் யாரோ இந்தப் படத்தை வெட்டி, உள்ளே, வெளியே என்று மாற்றி மாற்றி ஒட்டிவிட்டார்கள். அந்தப் பிரதியைப் பார்த்த சில வரலாற்றாசிரியர்கள், "அந்தக் காலத்திலேயே இப்படி வெட்டியிருக்கிறாரே!" என்று போர்ட்டரைக் கொண்டாடினார்கள். அப்போதெல்லாம் காப்புரிமைக்காகப் படத்தைக் காகிதச் சுருளில் அச்சடித்துப் பதிவு செய்வார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருந்த அந்தக் காகிதப் பிரதிதான் உண்மையான வரிசையைக் காட்டிக்கொடுத்தது. அதாவது, யாரோ செய்த எடிட் ஒன்று சினிமா வரலாற்றையே கொஞ்ச காலம் ஏமாற்றியிருக்கிறது.

அடுத்து ரஷ்யா. புரட்சிக்கும் உள்நாட்டுப் போருக்கும் நடுவே, புதுப் பிலிம் கிடைப்பதே அரிது. 1919இல் மாஸ்கோவில் சினிமாப் பள்ளி தொடங்கியபோது, அங்கே பாடம் நடத்திய லெவ் குலெஷோவுக்கு இருபது வயதுதான். படம் எடுக்கப் பிலிம் இல்லை என்றால் என்ன செய்வது? ஏற்கெனவே எடுத்ததை வெட்டி ஒட்டிப் பார்ப்பது. இவான் மோஸ்யூகின் என்ற பிரபல நடிகரின் பழைய குளோசப் ஒன்றை எடுத்தார்கள். முகத்தில் பெரிதாக எந்த உணர்ச்சியும் இல்லை. அதை ஒரு கிண்ணம் சூப்போடு ஒட்டினார்கள். இன்னொரு முறை சவப்பெட்டியோடு ஒட்டினார்கள். பார்த்தவர்கள் முதலில் ஆழ்ந்த சிந்தனையைக் கண்டார்கள், அடுத்து துக்கத்தைக் கண்டார்கள் என்கிறார் குலெஷோவின் மாணவர் புடோவ்கின். முகம் என்னவோ ஒன்றேதான்.

அந்தச் சுருள் இன்று இல்லை. என்னென்ன ஷாட் இருந்தன என்பதில்கூட புடோவ்கின் சொல்வதும் குலெஷோவ் சொல்வதும் ஒத்துப்போவதில்லை. ஆனால் அந்தப் பாடம் மட்டும் இன்றுவரை எல்லா சினிமாப் பள்ளிகளிலும் நிற்கிறது: அர்த்தம் ஷாட்டுக்குள்ளே மட்டும் இல்லை, இரண்டு ஷாட் சேருகிற இடத்திலும் இருக்கிறது.

இப்போ என் அப்பத்தாவுக்கு வருவோம். மோஸ்யூகின் அந்த சூப்பைப் பார்க்கவே இல்லை. அப்பத்தாவும் என் கேள்வியைக் கேட்டுச் சிரிக்கலை. குலெஷோவ் பண்ணினது பரிசோதனை. நான் பண்ணினது, ஒருத்தர் சொல்லாத பதிலை அவங்க வாயில திணிச்சது.

இந்தப் பலத்தை நன்றாகத் தெரிந்துகொண்டு பயன்படுத்தியவர் எஸ்ஃபிர் ஷுப். வெளிநாட்டுப் படங்களை சோவியத் ரசிகர்களுக்காக மறுபடி வெட்டுவதுதான் அவர் வேலை. 1927இல் 'ரொமானோவ் வம்சத்தின் வீழ்ச்சி' என்ற படத்தைச் செய்தார். பழைய செய்திப் படங்கள், அரச குடும்பத்துக்காகவே எடுத்த படங்கள் என்று சுமார் 60,000 மீட்டர் பிலிமைப் பார்த்து, அதிலிருந்து தேர்ந்தெடுத்தார். கப்பல் தளத்தில் சீமான்கள் வியர்க்க வியர்க்க நடனமாடுகிறார்கள். அடுத்து, வியர்வை சிந்தி வேலை செய்கிற உழைப்பாளிகள். ஜார் மன்னரின் பெருமைக்காக எடுத்த காட்சியே அவருக்கு எதிரான சாட்சியாக மாறிவிட்டது. நியாயமா, பிரசாரமா என்று இன்றும் வாதாடலாம். ஆனால் எங்கே வெட்டுகிறோம், ஏன் வெட்டுகிறோம் என்று ஷுப்புக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியலை. இழுவையா இருக்குன்னு வெட்டினேன்.

கருவிகளும் மாறிக்கொண்டே வந்தன. முதலில் கத்தரியும் பசையும். 1924இல், பிலிமை ஓட்டிப் பார்த்து வெட்ட உதவும் மூவியோலா. 1989இல் கம்ப்யூட்டரில் எடிட் செய்யும் ஆவிட். 'தி இங்கிலிஷ் பேஷண்ட்' படத்துக்காக வால்டர் மர்ச் 1997இல் எடிட்டிங் ஆஸ்கர் வாங்கியபோது, டிஜிட்டலில் எடிட் செய்த படத்துக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. இன்றைக்கு அந்த வேலையெல்லாம் போனிலேயே நடக்கிறது. முன்பு தப்பாக வெட்டினால் பிலிமைத் தேடி எடுத்து மறுபடி ஒட்ட வேண்டும். அதனால் வெட்டுவதற்கு முன் யோசித்தார்கள். நமக்கு அன்டூ இருக்கு, அதனால யோசிக்கறதே இல்லை.

ஆக, புதுசா கத்துக்கறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். எந்த இலவச ஆப்பா இருந்தாலும் பரவாயில்லை. வெட்டறதுக்கு முன்னாடி, எடுத்தது மொத்தத்தையும் ஒரு தடவை முழுசாப் பாருங்க. ஷுப் 60,000 மீட்டர் பாத்தாங்க, நம்மால 40 நிமிஷம் பாக்க முடியாதா? பாத்ததையே திரும்பக் காட்டறோமான்னு கவனிங்க, போர்ட்டரை நினைச்சுக்கோங்க. ஒவ்வொரு கட்டுலயும், "இந்த ஷாட் பக்கத்து ஷாட்டை என்ன சொல்ல வைக்குது, அது உண்மையா?"ன்னு கேளுங்க. வீட்டு மனுஷங்களை எடுத்திருந்தா, வெளியே அனுப்பறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட போட்டுக் காட்டிடுங்க.

நான் அந்த வீடியோவைத் திரும்பத் திறந்தேன். பூனைச் சிரிப்பை எடுத்துட்டு, அந்த 11 நொடியை அப்படியே வெச்சு அனுப்பினேன். இந்தத் தடவை ஹார்ட் கம்மிதான். ஆனா ராத்திரி அத்தை போன் பண்ணினாங்க. "அம்மா ஏன்டா அவ்வளவு நேரம் பேசலை? அவங்களுக்கு மேல படிக்கணும்னு இருந்துச்சா?"ன்னு கேட்டாங்க. முதல் வீடியோவைப் பாத்த யாருமே அதைக் கேக்கலை.

அடுத்த எபிசோடுல சவுண்ட் பத்திப் பேசலாம்.