பெயரை மட்டும் நம்பும் லிங்கர்

குருக்கள்மடத்தில் என் வீட்டு விறாந்தையில் சனி, ஞாயிறு பின்னேரங்களில் சி மொழி படிக்கப் பிள்ளைகள் வருகிறார்கள். சிலர் வாவியின் அக்கரையிலிருந்து, அம்பிளாந்துறைப் பாதைப்படகில் ஏறி வருகிறவர்கள். பிழைச் செய்திகளுக்கு அவர்கள் பயப்படுவதில்லை. அரைப்புள்ளி விடுபட்டால் கொம்பைலர் வரி எண்ணோடு சொல்கிறது, போய்த் திருத்திக்கொள்கிறார்கள். எல்லோரையும் ஒருமுறையாவது திகைத்து நிற்க வைப்பது ஒரே செய்திதான்: ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’. “சேர், கொம்பைலர் சரியெண்டு விட்டிட்டுதே, பிறகு ஆர் பிழையெண்டு சொல்றது?” என்று கேட்பார்கள்.

சொல்வது லிங்கர். பிள்ளைகளின் குறிப்புப் புத்தகத்தில் அதற்கு இரண்டு வரிதான் இருக்கும். நான் அந்த இரண்டு வரியோடு விடுவதில்லை. எழுபது ஆண்டுக்கு மேற்பட்ட அதன் வரலாற்றைச் சொன்னால்தான் அந்தச் செய்தியின் பொருள் விளங்கும் என்பது என் அனுபவம்.

நிரல் இரண்டு கோப்புகளில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ‘தொகை’ என்ற சார்பு எழுதப்பட்டிருக்கிறது. மற்றதிலிருந்து அது அழைக்கப்படுகிறது. கொம்பைலர் ஒரு நேரத்தில் ஒரு கோப்பைத்தான் பார்க்கும். அழைக்கும் இடத்துக்கு வந்ததும், தொகை நினைவகத்தில் எங்கே அமரப்போகிறது என்பது அதற்குத் தெரியாது. ஆகவே அழைப்புக் கட்டளையை எழுதி, முகவரி இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு, ‘இங்கே தொகையின் முகவரியை நிரப்புக’ என்று ஒரு பதிவையும் சேர்த்து, ஒப்ஜெக்ட் கோப்பு ஒன்றாக வைக்கிறது. பின்னர் லிங்கர் வருகிறது. ஒப்ஜெக்ட் கோப்புகளை அடுக்கி, எந்தக் கோப்பு எந்தப் பெயரைத் தருகிறது, எது எந்தப் பெயரைக் கேட்கிறது என்று பட்டியல் எடுத்து, இரண்டையும் பொருத்தி, வெறுமைகளை நிரப்புகிறது. கேட்ட பெயரைத் தருவார் இல்லையென்றால் மேலே சொன்ன செய்தி. ஒரே பெயரை இரண்டு கோப்புகள் தந்தால் வேறொரு செய்தி. அந்தச் சார்பு என்ன செய்கிறது, எத்தனை எண்களை வாங்குகிறது என்பதையெல்லாம் சி மொழியின் லிங்கர் பார்ப்பதில்லை. பெயர் பொருந்தினால் போதும்.

இந்த வேலையின் முதல் பாதி, அதாவது இடத்துக்கு ஏற்ப முகவரியைத் திருத்துவது, பெயருக்கு முன்பே பிறந்துவிட்டது. எனியாக் கணினியை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோன் மோக்லி 1947 இல் எழுதிய கட்டுரையிலேயே அது வந்துவிட்டது. நாடாவில் துணைநிரல்களின் தொகுதி ஒன்றை வைத்து, வேண்டியதை எடுத்துச் சேர்க்கலாம் என்றும், சேர்க்கும்போது அது அமரும் இடத்துக்கு ஏற்ப அதன் முகவரிகளை மாற்ற வேண்டிவரும் என்றும் அவர் எழுதினார். அதைச் செயலில் காட்டியது கேம்பிரிட்ஜ். அங்கே எட்சாக் கணினி 1949 மே 6 அன்று தன் முதல் நிரலை ஓட்டியது. டேவிட் வீலர் என்ற இளைஞர் துணைநிரல்களுக்கு ஒரு நூலகத்தையே அமைத்தார். அந்த நூலகத்தில் இருந்தவை துளையிட்ட காகித நாடாச் சுருள்கள். சைன் கணிக்க வேண்டுமா, வர்க்கமூலம் வேண்டுமா, அந்தச் சுருளை எடுத்துவந்து உங்கள் நாடாவில் படியெடுத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1951 அளவில் அங்கே 87 துணைநிரல்கள் இருந்தன. அதே ஆண்டில் வில்க்ஸ், வீலர், கில் மூவரும் வெளியிட்ட நூல்தான் நிரலாக்கம் பற்றிய முதல் நூல்.

எனக்கு மிகவும் பிடித்தது வீலர் எழுதிய தொடக்கக் கட்டளைகள். நாடாவைப் படித்து நினைவகத்தில் ஏற்றும் சின்னஞ்சிறு நிரல் அது. ஒரு கட்டளையின் முடிவில் தீட்டா என்ற எழுத்து இருந்தால், அதிலுள்ள முகவரியோடு அந்தத் துணைநிரல் தொடங்கும் இடத்தின் முகவரியையும் கூட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் உள்ளபடியே விட்டுவிடும். ஆகவே ஒரே சுருளை நூறாவது இடத்திலும் ஏற்றலாம், முந்நூறாவது இடத்திலும் ஏற்றலாம். இன்று நம் லினக்ஸ் கணினியில் ஒவ்வொரு ஒப்ஜெக்ட் கோப்புக்குள்ளும் இருக்கும் இடத்திருத்தப் பதிவுகள் செய்வது இதே வேலையைத்தான். பெயர் மட்டும் அப்போது இல்லை. எந்தத் துணைநிரல் எங்கே அமரும் என்பதை எழுதுகிறவரே தாளில் கணக்குப் போட்டு வைத்திருக்க வேண்டும். 1952 இல் கிரேஸ் ஹொப்பர் யுனிவாக் கணினிக்காகச் செய்த ஏ-0, எண் கொடுத்தால் தானே நாடாவில் தேடித் துணைநிரலை எடுத்துக் கோக்கும். அதை அவர் கொம்பைலர் என்றே அழைத்தார். ஆனால் அது செய்த வேலையில் பெரும்பகுதி இன்று லிங்கருடையது.

தனித்தனியாகக் கொம்பைல் செய்யும் வழக்கம் ஃபோர்ட்ரானோடு வந்தது, அதுவும் அதன் இரண்டாம் பதிப்போடு. 1957 இல் ஐ.பி.எம் 704 கணினிக்கு வந்த முதல் ஃபோர்ட்ரானில் நிரல் முழுவதையும் ஒரே மூச்சில் கொம்பைல் செய்ய வேண்டும். அந்தக் காலத்து இயந்திரங்கள் வெற்றிடக் குழாய்களால் ஆனவை. நடுவில் பழுதாகி நின்றுவிடும். நிரல் நீள நீள, அது முழுதாகக் கொம்பைல் ஆகி முடிவதே பெரும்பாடாயிற்று. ஆகவே 1958 இல் வந்த ஃபோர்ட்ரான் இரண்டில், துணைநிரலைத் தனியே எழுதித் தனியே கொம்பைல் செய்து வைத்துக்கொண்டு பின்னால் சேர்க்க வழி செய்தார்கள்.

இந்தக் காரணத்தைப் படித்தபோது நான் வந்தாறுமூலையில் படித்த காலம் நினைவுக்கு வந்தது. தொண்ணூறுகளில் மின்சாரத்தை நம்பி எதையும் தொடங்க முடியாது. டொஸ் கணினியில் டர்போ சி. நீளமான ஒரு வேலையை நடுவில் மின்சாரம் கொண்டுபோய்விடும். எங்களில் ஒருவர் நிரலைச் சிறு கோப்புகளாக உடைத்து, ஒவ்வொன்றையும் கொம்பைல் செய்து ஒப்ஜெக்ட் கோப்பைப் பிளொப்பியில் சேமித்துக்கொள்ளச் சொல்லித் தந்தார். மின்சாரம் திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நாங்கள் தேவைக்காகச் செய்தோம். ஃபோர்ட்ரான் இரண்டை எழுதியவர்களும் தேவைக்காகத்தான் செய்தார்கள்.

தனியே கொம்பைல் செய்த துண்டுகளைச் சேர்க்க எண்ணும் தாள் கணக்கும் போதாது. அங்கேதான் பெயர் உள்ளே வந்தது. ஃபோர்ட்ரான் இரண்டின் ஒவ்வொரு துண்டின் தலைப்பிலும், அது அழைக்கும் துணைநிரல்களின் பெயர்கள் ஒரு பட்டியலாக நிற்கும். ஏற்றும் நிரல் அந்தப் பெயர்களைப் படித்து, ஒவ்வொன்றையும் அழித்துவிட்டு, அதே இடத்தில் உரிய துணைநிரலுக்குத் தாவும் கட்டளையை எழுதிவிடும். 704 இன் நினைவகச் சொல் 36 பிட். ஓர் எழுத்துக்கு 6 பிட். ஒரு சொல்லில் ஆறெழுத்து அடங்கும். அதனால் பெயரின் நீளமும் ஆறு. இயந்திரத்தின் ஓர் அளவு அப்படியே மொழியின் விதியாகிவிட்டது.

ஃபோர்ட்ரானின் பெயர் விதிகள் நம் பக்கத்துக்கும் வந்தன. கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1963 இல் ஐ.பி.எம் 1620 வந்தபோது அங்கே ஃபோர்ட்ரான் கற்பித்தவர்களில் ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமனும் ஒருவர். 1969 இல் வெளிவந்த அவருடைய நிரலாக்க நூலை இந்திய மாணவர்களின் ஒரு தலைமுறையே படித்தது. ஐ, ஜே, கே, எல், எம், என் ஆகிய எழுத்துகளில் தொடங்கும் பெயர் முழுவெண்ணுக்கு, மற்றவை தசமத்துக்கு என்பது ஃபோர்ட்ரானின் வழக்கம். பெயரின் முதலெழுத்தே வகையைச் சொல்லிவிடும். பெயருக்குள் வகையைப் பொதிந்து வைக்கும் எண்ணம் அப்போதே முளைத்துவிட்டது.

சி மொழியும் லிங்கருக்குக் கட்டுப்பட்டே வளர்ந்தது. கெர்னிகானும் ரிச்சியும் 1978 இல் வெளியிட்ட நூலில் ஒரு சிறு பட்டியல் உண்டு. வெளிக்கோப்புகளுக்குத் தெரியும் பெயரில் பிடிபி-11 இல் ஏழெழுத்து, ஹனிவெல் 6000 இல் ஆறெழுத்து, அதுவும் பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் வேறுபாடில்லாமல், இன்டர்டேட்டா 8/32 இல் எட்டெழுத்து. மொழி ஒன்றுதான்; ஒவ்வோர் இயந்திரத்தின் லிங்கரும் வேறு. 1989 இல் சி மொழிக்கு அமெரிக்கத் தரம் வகுத்தபோது, ஆகக் குறைந்த அந்த ஆறெழுத்தையே எல்லோருக்கும் உறுதி தந்தார்கள். சரத்தின் நீளம் காணும் ஸ்ட்ர்லென், படியெடுக்கும் மெம்கொப்பி, நினைவகம் கேட்கும் மலொக், அச்சிடும் பிரின்ட்எஃப் ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதி எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஆறெழுத்து. 1999 இன் தரம் அந்த எண்ணை 31 ஆக்கியது.

நீளத்தைவிடப் பெரிய குறை வேறொன்று. ஒரு கோப்பில் தொகை முழுவெண் வாங்குகிறது. மற்றக் கோப்பில் அதைத் தசம எண் கொடுத்து அழைக்கிறார்கள். பெயர் பொருந்துவதால் லிங்கர் சேர்த்துவிடும். நிரல் ஓடும்; விடை குப்பையாக வரும். சி மொழியில் எல்லாப் பிழைகளிலும் கொடியது இதுதான் என்பேன், ஏனென்றால் எச்சரிக்கையே வராது. இதைப் பிடிக்க ஸ்டீவ் ஜோன்சன் லின்ட் என்ற தனிக் கருவியை எழுதினார். தலைப்புக் கோப்பு என்ற ஒழுக்கமும் இதற்காகவே: சார்பின் வடிவத்தை ஓரிடத்தில் எழுதி, இரண்டு கோப்புகளும் அதையே படிப்பது. ஒழுக்கத்தை மீறினால் கேட்பாரில்லை.

சி++ ஐ உருவாக்கிய பியார்னே ஸ்ட்ரவுஸ்ட்ரப் 1988 இல் இதற்கு ஒரு வழியைக் கட்டுரையாக எழுதினார். லிங்கரை மாற்றுவது அவர் கையில் இல்லை. எல்லா நிறுவனங்களின் லிங்கர்களும் பழையபடியேதான் இருக்கும். ஆகவே பெயரை மாற்றினார். ஒரு வகுப்பில் இரண்டு கணேசன் இருந்தால் ஆசிரியர் இடாப்பில் தகப்பனின் முதலெழுத்தைச் சேர்த்துக் க. கணேசன், சி. கணேசன் என்று எழுதுவதுபோல், கொம்பைலர் சார்பின் பெயரோடு அது வாங்கும் தரவுகளின் வகையையும் எழுத்துகளாக ஒட்டிவிடும். இரண்டு முழுவெண் வாங்கும் தொகை ஒரு பெயர்; இரண்டு தசமம் வாங்கும் தொகை வேறு பெயர். லிங்கருக்கு வகை பற்றி இன்றும் எதுவும் தெரியாது. ஆனால் வகை பிசகினால் பெயர் பிசகும். பெயர் பிசகினால் லிங்கர் பிடித்துவிடும். சி கோப்பையும் சி++ கோப்பையும் சேர்க்கும்போது பிள்ளைகள் திண்டாடுவது இந்த ஒட்டுகளால்தான். ஆனாலும் பெயரை மாற்றிய இந்த வழியைவிடச் சிக்கனமான திருத்தம் ஒன்றை நான் கணினியியலில் கண்டதில்லை.

இனி நம் எழுத்துக்கு வருகிறேன். 1999 இன் சி தரத்தில் ஒரு பின்னிணைப்பு உண்டு: பெயர்களில் எந்தெந்த மொழிகளின் எழுத்துகள் வரலாம் என்ற பட்டியல். அதில் தமிழும் இருக்கிறது. உயிரெழுத்துகள், மெய்கள், கால், கொம்பு, புள்ளி எல்லாம் யுனிகோட் எண்ணோடு அங்கே உள்ளன. ஆனால் ஜி.சி.சி. கொம்பைலரில் தமிழை அப்படியே தட்டச்சுச் செய்து பெயராக வைக்க 2020 இல் வந்த பத்தாம் பதிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது என் பிள்ளைகள் சார்புக்குத் தொகை என்றே பெயர் வைக்கிறார்கள், லிங்கர் மறுப்பதில்லை. லினக்ஸின் ஒப்ஜெக்ட் கோப்பில் பெயர் என்பது வெறும் பைட்டுகளின் வரிசை. யு.டி.எஃப்-8 குறியீட்டில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். தொகை என்ற பெயருக்கு 12 பைட். பழைய லிங்கர்களின் ஆறு இடத்தில் நமக்கு இரண்டு குறிதான் அடங்கியிருக்கும்.

அங்கேதான் தமிழுக்கே உரிய சிக்கலும் இருக்கிறது. தொ என்ற எழுத்தை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒற்றைக் கொம்பையும் காலையும் ஒரே குறியாகச் சேர்த்த ‘ொ’ ஒன்று. கொம்பு தனி, கால் தனி என இரண்டு குறி இன்னொன்று. யுனிகோட் தரப்படி இரண்டும் ஒன்றே, திரையில் இம்மியும் வேறுபாடு தெரியாது. பைட்டுகளோ முதலாவதில் 12, இரண்டாவதில் 15. ஒரு பிள்ளை ஒரு விசைப்பலகையில் எழுதிய கோப்பையும், பழைய எழுத்துருவிலிருந்து மாற்றி எடுத்த இன்னொரு கோப்பையும் சேர்த்தால், இரண்டிலும் தொகை இருக்கும். லிங்கர் தொகையைக் காணவில்லை என்று சொல்லும். திரையை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் காரணம் கிடைக்காது. ஜி.சி.சி. ஓர் எச்சரிக்கை தரும். பிள்ளைகள் எச்சரிக்கைகளைப் படிப்பதில்லை. ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் சேர்த்துக் ‘கெளரி’ என்று எழுதும் பழக்கம் இதைவிட மோசம், அதை எந்தத் தரமும் சமமென்று ஏற்காது.

பைதன் 2008 இல் மூன்றாம் பதிப்பிலேயே இதைக் கவனித்துவிட்டது. பெயர்களை ஒரே வடிவுக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிடுகிறது. சி++ இன் 2023 தரம், சேர்த்த வடிவில் இல்லாத பெயரைப் பிழை என்றே கொம்பைலர் நிறுத்த வேண்டும் என்கிறது. அது நல்ல தீர்ப்பு. லிங்கர் வரை போய், காரணம் தெரியாமல் விழும் பிழை எழுதிய வரியிலேயே பிடிபடும்.

தமிழில் நிரல்மொழி அமைப்பவர்களுக்கும், விசைப்பலகை மென்பொருள் எழுதுகிறவர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். ஒகர, ஓகார, ஔகாரங்களை எப்போதும் ஒற்றைக் குறியாகவே வெளியிடுங்கள். வாசிக்கும் பெயர்களை அந்த வடிவுக்கு மாற்றிய பிறகே சேமியுங்கள். சி படிப்பிக்கும் ஆசிரியர்களும், அடுத்த முறை ஒரு பிள்ளை ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ என்று வந்து நின்றால், நீங்களே திருத்திக் கொடுத்துவிடாமல், ஒப்ஜெக்ட் கோப்பின் பெயர்ப்பட்டியலை என்.எம் கட்டளையால் திறந்து அந்தப் பிள்ளையையே தேடச் சொல்லுங்கள்.