கோட்டைக் கோப்புகள் – 17: அரசாணை 259

2001 நவம்பரில் வந்த பணி நியமனத் தடையைச் சென்ற இதழில் பார்த்தோம். நிதி நெருக்கடியைக் காட்டி ஜெயலலிதா அரசு அடுத்துக் கை வைத்தது, பணியில் இருந்தவர்களின் சலுகைகளில். ஈட்டிய விடுப்பைப் பணமாக்கும் சரண்டர் நின்றது. போனஸ் சுருங்கியது. ஓய்வுபெறும்போது ஓய்வூதியத்தில் 40 சதவீதம் வரை கம்யூட்டேஷனாக, அதாவது முன்கூட்டியே மொத்தத் தொகையாக, வாங்கலாம் என்றிருந்தது, மூன்றில் ஒரு பங்காயிற்று. அந்தத் தொகையை நம்பி மகள் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டிருந்தவர்கள் என்ன செய்வார்கள்?

இவற்றை எதிர்த்து 2003 ஜூலை 2 அன்று ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்புகளான ஜாக்டோ-ஜியோவும் கோட்டா-ஜியோவும் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கின. கைதுகள் இரண்டாயிரத்தைத் தாண்டின. ஜூலை 4 அன்று, அத்தியாவசியப் பணிகளில் வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் டெஸ்மா சட்டத்தைத் திருத்தி ஓர் அவசரச் சட்டம் வந்தது. ஒரே ஓர் ஊழியரை நீக்குவதென்றாலும் 17-பி குற்றச்சாட்டு மெமோ, விளக்கம், விசாரணை என்று மாதக்கணக்கில் கோப்பு நகரும் அரசாங்கத்தில், விசாரணையே இல்லாமல் சுமார் 1,70,000 பேர் டிஸ்மிஸ் செய்யப்பட்டார்கள். இது அப்பட்டமான அநீதி.

டிஸ்மிஸை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. நிபந்தனையற்ற மன்னிப்பும், வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் நடத்தை விதி 22-க்குக் கட்டுப்படுவேன் என்ற உறுதிமொழியும் எழுதிக் கொடுத்தால் பெரும்பாலோருக்கு வேலை திரும்பக் கிடைக்கும் என்றானது. பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஆசிரியர்கள் அதை எழுதிக் கையெழுத்திட்டார்கள்.

ஆகஸ்ட் 6 அன்று நீதிபதிகள் எம்.பி.ஷா, ஏ.ஆர்.லட்சுமணன் அமர்வு தீர்ப்பளித்தது: வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ தார்மீக உரிமையோ கிடையாது. நாடே அதைப் பேசியது. அதே ஆகஸ்ட் 6 தேதியிட்டு நிதித் துறை இன்னொரு தாளை வெளியிட்டது. அரசாணை எண் 259. 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்பவர்களுக்கு, சம்பளத்தில் பிடித்தமில்லாமல் மாதாமாதம் கிடைத்த பழைய ஓய்வூதியம் இல்லை. பங்களிப்பு ஓய்வூதியம்தான்; அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி இரண்டிலும் 10 சதவீதம் பிடித்தம், அதற்குச் சமமாக அரசின் பங்கு.

யாரும் தெருவுக்கு வரவில்லை. நியமனத் தடை இருந்ததால் அந்த ஆணையால் அன்று பாதிக்கப்பட்டவர்கள் சொற்பம். பாதிக்கப்படப் போகிறவர்களுக்குச் சங்கமே கிடையாது. பலர் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார்கள். சங்கங்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. தலைவர்கள் மேல் வழக்கு, உறுப்பினர்கள் கையில் மன்னிப்புக் கடிதம்.

2004 மக்களவைத் தேர்தலில் 39 தொகுதிகளிலும் அ.தி.மு.க. அணி தோற்றது. ஊழியர்கள் மீதிருந்த நடவடிக்கைகளை முதல்வர் வாபஸ் வாங்கினார். 259-ஐத் தொடவில்லை. இடையில் தொகுப்பூதியத்தில், அதாவது மாதம் ஒரு நிலையான தொகைக்கு, சேர்ந்த ஆசிரியர்களை அடுத்து வந்த தி.மு.க. அரசு 2006 ஜூன் 1 முதல் காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவந்தது. அவர்களும் புதிய திட்டத்துக்குள்தான் போனார்கள். பிடித்த பணத்தை மத்திய ஓய்வூதிய ஒழுங்குமுறை ஆணையத்திடம் ஒப்படைக்காமல் தமிழக அரசு தன் கணக்கிலேயே வைத்துக்கொண்டது. ஓய்வுபெற்றவர்களுக்கு மொத்தமாக ஒரு தொகை கிடைத்தது. மாதாமாதம் ஒன்றும் வரவில்லை.

2019 ஜனவரி 22 அன்று ஜாக்டோ-ஜியோ மறுபடியும் காலவரையற்ற வேலைநிறுத்தத்தைத் தொடங்கியபோது, பழைய ஓய்வூதியம் அதன் முக்கியக் கோரிக்கையாக நின்றது. கோஷம் போட்டவர்களில் பலர் 2003-க்குப் பிறகு வேலைக்கு வந்தவர்கள். அந்த ஒன்பது நாட்களை அடுத்த இதழில் பார்ப்போம்.