முடக்கத்தின் பின் சான்று தேடல்: 1980 ஆம் ஆண்டின் ஆர்ப்பாநெற் நிகழ்ச்சி

வரலாற்றாசிரியனுக்கும் பழுதின் காரணத்தை ஆராயும் பொறியியலாளனுக்கும் பொதுவான இடர்ப்பாடு ஒன்றுண்டு. இருவரும் நடந்து முடிந்ததொன்றை அது விட்டுச்சென்ற எச்சங்களைக் கொண்டே மீளக் கட்டியெழுப்ப வேண்டியவராவர். ஆயினும், வரலாற்றாசிரியனுடைய சான்றுகள் பெரும்பாலும் காலத்தால் மெல்ல மெல்ல அழிவன. பொறியியலாளனுடைய சான்றுகளோ பழுதை நீக்க முனையும் அவன் கையாலேயே ஒரு கணத்தில் அழிந்துவிடக்கூடியன. இம்முரண்பாட்டை விளங்கிக்கொள்வதற்கு, 1980 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 27 ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவின் ஆர்ப்பாநெற் கணனி வலையமைப்பு முடங்கிய நிகழ்ச்சி தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

ஆர்ப்பாநெற் 1969 ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்றது. பல்கலைக்கழகங்களிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும் இருந்த பெருங் கணனிகளை ஒன்றோடொன்று இணைப்பதற்கு, ஒவ்வோர் இடத்திலும் 'இம்ப்' எனப்படும் சிறு கணனி நிறுவப்பட்டது. இவற்றை உருவாக்கிய போல்ற் பெரனெக் அன்ட் நியூமன் நிறுவனம், மசாசூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிறிட்ஜ் நகரிலிருந்து வலையமைப்பைக் கண்காணித்து வந்தது. இம்ப்புகள் தத்தம் நிலையைப் பற்றிய அறிக்கைகளை வலையமைப்பின் வழியாகவே கட்டுப்பாட்டு நிலையத்துக்கு அனுப்பின. வலையமைப்பு முடங்குமாயின் அதன் நோயை அறியும் வழியும் உடன் முடங்கும் என்பது இவ்வமைப்பில் உள்ளுறைந்திருந்த குறைபாடாகும்.

அன்றைய தினம் அதுவே நேர்ந்தது. எந்த இம்ப்பும் மற்றோர் இம்ப்புடன் ஒழுங்காகத் தொடர்புகொள்ள இயலாதிருந்தது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் தொலைபேசி அழைப்புகள் வந்து குவிந்தன. பொறியியலாளர் சாதாரணத் தொலைபேசி வழியாகத் தொலைவிலுள்ள பொறிகளோடு தொடர்புகொண்டு பார்த்தனர். பொறிகள் இயங்கிக்கொண்டிருந்தன, அவற்றுக்கிடையிலான இணைப்புகளே செயலற்றிருந்தன.

இந்நிலையில் எவருக்கும் முதலில் தோன்றுவது பொறிகளை நிறுத்தி மீண்டும் இயக்குவதேயாகும். அவர்களும் தம் கட்டடத்திலிருந்த சில இம்ப்புகளை அவ்வாறு மீள இயக்கினர். ஆனால், அதற்கு முன்னர் அவற்றின் நினைவகத்திலிருந்த அனைத்தையும் படியெடுத்து வைத்துக்கொண்டனர். மீள இயக்கியதும் நினைவகத்தின் உள்ளடக்கம் புதுப்பிக்கப்பட்டு முந்திய நிலை மறைந்துவிடும். படியெடுத்தவை மட்டுமே எஞ்சும். மீள இயக்கப்பட்ட பொறிகள் தனித்து நின்றபோது செவ்வனே இயங்கின. வலையமைப்புடன் இணைத்ததும் முன்போலவே நோயுற்றன. நோய் தனிப்பொறியில் அன்றி, பொறிகளுக்கிடையே சுற்றிவரும் செய்தியில் உள்ளது என்பது இதனாற் புலனாயிற்று.

படியெடுத்தவற்றை ஆராய்ந்தபோது, தாங்கல் இடங்கள் பெரும்பாலும் பாதைத் தகவல்களாலேயே நிரம்பியிருந்தமை தெரியவந்தது. அவையும் மிகப் பெரும்பாலும் 50 ஆம் இலக்க இம்ப் அனுப்பியனவாகக் காணப்பட்டன. அவற்றின் தொடரெண்களாக 8, 40, 44 ஆகிய மூன்றுமே மாறிமாறி வந்தன. தொடரெண்கள் 0 முதல் 63 வரை சென்று மீண்டும் 0 இலிருந்து தொடங்குவன. எனவே இரண்டு எண்களில் எது பிந்தியது என்பதை வட்டத்தில் அவற்றுக்கிடையேயுள்ள தூரத்தைக் கொண்டே பொறி தீர்மானித்தது. அவ்விதியின்படி 40 ஆனது 8 க்குப் பிந்தியது. 44 ஆனது 40 க்குப் பிந்தியது. 8 ஆனது 44 க்குப் பிந்தியது. மூன்றும் ஒன்றையொன்று பிந்தியனவாகி, ஒவ்வொன்றும் புதிய செய்தியென ஏற்கப்பட்டு முடிவின்றிச் சுழன்றன.

மூன்று எண்கள் தோன்றியமைக்கான காரணத்தையும் அவ்வெண்களே காட்டிக்கொடுத்தன. இரும எண்முறையில் 44 என்பது 101100, 40 என்பது 101000, 8 என்பது 001000 ஆகும். 1 என்ற இலக்கம் ஒவ்வொன்றாக உதிர்ந்தமையால் ஓர் எண் மூன்றாகியிருத்தல் வேண்டும். 50 ஆம் இம்ப்பின் அயலிலிருந்த 29 ஆம் இம்ப்பின் வன்பொருள் இவ்வாறு இலக்கங்களை உதிர்த்துக்கொண்டிருந்தது. கம்பி வழியே செல்லும் செய்தியின் பிழையைக் கண்டறிய ஏற்பாடு இருந்தது. நினைவகத்தினுள் நிகழும் பிழைக்கெதிராக அத்தகைய காப்பு இருக்கவில்லை. 50 ஆம் இம்ப்பிலிருந்து வரும் பாதைத் தகவல்களைப் புறக்கணிக்குமாறு மென்பொருளைத் திருத்தியதன் பின்னரே வலையமைப்பு மீண்டது.

நிகழ்ச்சியை ஆராய்ந்த எரிக் றோசன் 1981 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில், தம் குழுவினரின் முதல் அனுமானம் முற்றிலுஞ் சரியன்று என்பதையும் மறைக்கவில்லை. அவ்வறிக்கை பொதுவில் வைக்கப்பட்டமையால் பிறரும் அதனின்று கற்றனர். 1983 ஆம் ஆண்டில் றேடியா பேர்ள்மன், இத்தகைய சிதைவிலிருந்து வலையமைப்புத் தானாகவே மீளத்தக்க முறையொன்றை வகுத்து வெளியிட்டார்.

இங்கு நோக்கற்பாலது ஒன்றுண்டு. காத்திருக்கும் பயனாளருக்கு மீட்பே அவசரம். காரணத்தை நாடுவோனுக்குச் சான்றே அவசரம். முன்னதற்காகப் பின்னதைப் பலியிட்டிருந்தால், மீள இயக்கிய ஒவ்வொரு முறையும் அதே நோய் திரும்பியிருக்கும். 8, 40, 44 என்னும் மூன்று எண்களோ எவர் கண்ணுக்கும் பட்டிரா. பொத்தானை அழுத்துவதற்கு முன் படியெடுத்துக்கொண்ட அச்சிறு செயலே அன்றைய முடக்கத்தைக் காரண காரியத்தோடு கூடிய வரலாறாக்கியது எனலாம்.