ஏரி இருந்த ஊர்

ஓர் ஊரின் வரலாற்றை, அதனை ஆண்டவர்களைக் கொண்டு எழுதுவது வழக்கம். அவ்வூர் மழையை எவ்வாறு வரவேற்றது என்பதைக் கொண்டும் எழுதலாம். தென்சென்னைக்கு அத்தகைய வரலாறு ஒன்று உண்டு.

சென்னையில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தின் மூன்று திங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். அதனை எஞ்சிய ஒன்பது திங்களுக்கும் எவ்வாறு வைத்துக்கொள்வது? முன்னோர் கண்ட விடை ஏரியும் குளமும் ஆகும்.

நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை பிறைபோல் நீண்டு கிடந்தது ஒரு பேரேரி. அதன் வடபகுதி நுங்கம்பாக்கம் ஏரி. தென்பகுதி மயிலாப்பூர் ஏரி. ஆங்கிலேயர் அதனை ‘லாங் டேங்க்’ என்றழைத்தனர். 1792-இல் வானாய்வுக்கூடம் எழுந்ததும் அதே நுங்கம்பாக்கத்தில்தான். வானத்தை அளந்த இடமும் வானம் தந்ததைத் தேக்கிய இடமும் அண்டை வீடுகளாய் இருந்தன.

மக்கள் பெருகினர், குடியிருக்க மனை வேண்டியதாயிற்று. 1920-களில் மயிலாப்பூர் ஏரி வடிக்கப்பட்டுத் தியாகராய நகர் உருவாயிற்று. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரை நகரும், பனகல் அரசரின் பெயரைப் பூங்காவும் தாங்கின. நுங்கம்பாக்கம் ஏரியும் பின்னர் மறைந்தது. அது இருந்த நிலத்தில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ சாலையும், நுங்கம்பாக்கத்தின் டேங்க் பண்டு சாலையும் இன்று பெயரளவில் ஏரியைக் காத்து நிற்கின்றன.

மனிதர் மறந்தாலும் நீர் தன் இடத்தை மறப்பதில்லை. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடுகளுக்குள் புகுந்தது. 2021 நவம்பரில் தியாகராய நகரின் தெருக்கள் நாட்கணக்கில் நீரில் நின்றன. இவ்விரண்டுக்கும் இடையே, 2019 கோடையில் இதே நகரின் ஏரிகள் வறண்டு, சோலையார்பேட்டையிலிருந்து இரயிலில் குடிநீர் வந்தது. வெள்ளமும் வறட்சியும் இரு வேறு பகைகள் அல்ல. தேக்க இடமின்மை என்னும் ஒரே குறையின் இரு முகங்களே.

மீட்சிக்கும் வழி இல்லாமல் இல்லை. 2003-இல் தமிழகத்தில் கட்டடந்தோறும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. மயிலையில் கபாலீசுவரர் கோயில் திருக்குளம் இன்றும் உள்ளது. மாரி ஓய்ந்தபின் வருவது தைப்பூசத் தெப்பம். அன்று குளத்தில் நிற்கும் நீரே, வந்த மழையை ஊர் எவ்வளவு போற்றிற்று என்பதற்குச் சான்று.

பள்ளமான நிலம் கண்டு நீரைத் தேக்குமாறு பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு அறிவுறுத்தினார் குடபுலவியனார். புறநானூற்றின் 18-ஆம் பாடல் அது. பள்ளம் கண்ட இடமெல்லாம் மண்ணிட்டு நிரப்பிய நகரத்துக்கு அவ்வறிவுரை இன்னும் பழையதாகிவிடவில்லை. வேந்தனிடம் அதனை அஞ்சாது சொன்னவர் ஒரு புலவர் என்பதும் நினைவில் நிற்கத்தக்கது.