துஆ: இசுலாமில் தனிப்பட்ட வேண்டுதல்

துஆ என்பது இசுலாமியர் இறைவனிடம் நேரடியாக வைக்கும் வேண்டுதல் ஆகும். 'அழைத்தல்' என்பது இந்த அரபுச் சொல்லின் நேர்ப்பொருள். ஐவேளைத் தொழுகைக்குக் குறித்த நேரம், முன்னோக்கும் திசை, அசைவுகள், ஓத வேண்டிய அரபு வசனங்கள் ஆகியவை வரையறுக்கப்பட்டுள்ளன. தொழுகைக்கு வெளியே கேட்கப்படும் துஆவுக்கு இவை கட்டாயமில்லை. நின்றோ, இருந்தோ, நோயுற்றுப் படுத்த நிலையிலோ, தாய்மொழியிலோ, மனத்துக்குள்ளோ கேட்கலாம். வேண்டுதலையும் வழிபாடாகவே முகம்மது நபி கற்பித்ததாக ஹதீஸ் நூல்கள் பதிவு செய்கின்றன. எல்லாம் இறைவனின் விதிப்படி நடக்கும் என நம்பும் ஒரு சமயத்தில் மனிதர் கேட்பதற்கு என்ன பொருள் என்ற வினா, துஆவின் வரலாறு முழுவதிலும் தொடர்ந்து வருகிறது.

குர்ஆனில் துஆ

குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் 183 முதல் 187 வரையுள்ள வசனங்கள் ரமலான் நோன்பைப் பற்றியவை. அவற்றின் நடுவே 186ஆம் வசனம் வேண்டுதலைப் பற்றிப் பேசுகிறது. இறைவன் அருகில் இருக்கிறான், அழைப்பவருக்கு விடையளிக்கிறான் என்பது அதன் கருத்து. மக்கள் வினவும்போது 'நபியே, கூறுவீராக' என்று விடை தொடங்குவதே குர்ஆனின் வழக்கம். இவ்வசனத்தில் அந்தச் சொல் இல்லை; விடையை இறைவனே நேராகத் தருகிறான். வேண்டுவோருக்கும் இறைவனுக்கும் இடையே எவரும் தேவையில்லை என்பதற்கு இதை ஓர் அடையாளமாக விரிவுரையாளர்கள் காட்டுவர்.

நபிமார்களின் துஆக்களும் குர்ஆனில் இடம்பெறுகின்றன. ஆதமும் அவருடைய துணைவியும் பிழை பொறுக்க வேண்டினர். மீனின் வயிற்றிலிருந்து யூனுஸ் அழைத்தார். முதுமையில் தமக்கொரு மகன் வேண்டுமென ஸக்கரிய்யா தாழ்ந்த குரலில் கேட்டார். மத்யன் ஊரில் இரு பெண்களின் ஆடுகளுக்கு நீர் புகட்டிய மூஸா, நிழலில் ஒதுங்கித் தம் தேவையை முறையிட்டார். நாடிழந்து வந்த அவருக்கு அதன்பின் அவ்வூரிலேயே தங்குமிடமும் வேலையும் கிடைத்தன.

தாயிஃபும் பத்ரும்

கி.பி. 619இல் முகம்மது நபி தம் துணைவியார் கதீஜாவையும் காவலாக இருந்த பெரிய தந்தை அபூதாலிபையும் இழந்தார். அதன்பின் ஆதரவு தேடி, வளர்ப்பு மகன் ஸைதுடன் மலைநகரான தாயிஃபுக்குச் சென்றார். அவ்வூர்த் தலைவர்கள் அவரை ஏற்கவில்லை. ஊரார் கல்லெறிந்து விரட்டினர். ஒரு திராட்சைத் தோட்டத்தில் ஒதுங்கிய அவர், தம் வலிமைக் குறைவை இறைவனிடமே முறையிட்டதாகச் சீறா நூல்கள் கூறுகின்றன. இந்தத் துஆவின் அறிவிப்பாளர் தொடர் குறித்து ஹதீஸ் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், துயரத்தை மறைக்காமல் இறைவனிடம் சொல்லலாம் என்பதற்கு இசுலாமியர் இந்நிகழ்வையே பெரிதும் நினைவுகூர்கின்றனர்.

624இல் நடந்த பத்ர் போரில் ஏறத்தாழ 300 முஸ்லிம்கள் ஏறத்தாழ 1000 பேரை எதிர்கொண்டனர். படையை அணிவகுத்து நிறுத்திய பிறகு நபி கையேந்தி நெடுநேரம் வேண்டினார். தோளிலிருந்து நழுவிய மேலாடையை அபூபக்கர் எடுத்துப் போர்த்தினார். முயற்சியும் வேண்டுதலும் இங்கே சேர்ந்தே நின்றன.

கலீபா உமர் காலத்தில் ஹிஜ்ரி 18இல் ஏற்பட்ட கடும் பஞ்சத்திலும் இதைக் காணலாம். அவர் பிற பகுதிகளிலிருந்து உணவுப்பொருள்களை வரவழைத்தார். மழைக்காக வேண்டுமாறு நபியின் சிறிய தந்தை அப்பாஸிடம் கேட்டு, மக்களோடு தாமும் வேண்டினார்.

விதியும் வேண்டுதலும்

விதி பற்றிய வினாவுக்கு இமாம் கஸ்ஸாலி (இறப்பு 1111) தம் இஹ்யா உலூமித்தீன் நூலில் விடை தந்தார். கேடயம் அம்பைத் தடுக்கிறது, நீர் பயிரை முளைக்கச் செய்கிறது. அவ்வாறே துன்பம் விலக துஆவும் ஒரு காரணமாக விதியிலேயே அமைக்கப்பட்டுள்ளது என்பது அவர் கருத்து. கேடயம் ஏந்துவது விதியை மறுப்பதாகாது, வேண்டுவதும் அப்படியே.

கேட்டது கிடைக்காதபோது என்ன என்பதற்கும் ஹதீஸ்கள் விடை கூறுகின்றன. கேட்டது இம்மையிலேயே தரப்படலாம், மறுமைக்குச் சேமிக்கப்படலாம், அதற்கு ஈடான ஒரு தீங்கு விலக்கப்படலாம். 'கேட்டேன், கிடைக்கவில்லை' என்று அவசரப்பட்டுக் கைவிடுவதை நபி கண்டித்துள்ளார்.

நூல்களும் தமிழ் மரபும்

நபியின் துஆக்களை இமாம் புகாரி (810–870) தம் ஹதீஸ் தொகுப்பில் தனிப் பகுதியாக அமைத்தார். இமாம் நவவி (1233–1277) அன்றாட துஆக்களை அல்-அத்கார் என்னும் நூலாகத் தொகுத்தார். நபியின் கொள்ளுப்பேரர் ஜைனுல் ஆபிதீனின் வேண்டுதல்களாக அறியப்படும் ஸஹீஃபா ஸஜ்ஜாதிய்யா, குறிப்பாக ஷியா பிரிவினரிடம் பெருமதிப்புப் பெற்றது.

தமிழ் முஸ்லிம்கள் இம்மரபைத் தம் மொழியில் வளர்த்தனர். இறைவனிடம் இறைஞ்சிப் பாடும் 'முனாஜாத்து' தமிழ் இசுலாமிய இலக்கியத்தின் தனி வகையாயிற்று. குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) இறைவனை விளித்துக் கண்ணிகள் பாடினார். தொழுகைக்குள் தாய்மொழியில் வேண்டலாமா என்பதில் சட்ட அறிஞர்கள் வேறுபடுகின்றனர். தொழுகைக்கு வெளியே அந்தத் தடை இல்லாததால், அரபு அறியாதவரும் தம் குறையைத் தம் சொற்களிலேயே சொல்ல துஆ வழி செய்கிறது.